ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பூங்கா, தோட்டப் பராமரிப்பு வேலைக்கு எதைப் படிப்பது, எதைப் பழகுவது?

மண்டபத்துத் தம்பி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ வணிகவியல் பிரிவில் முடித்திருக்கிறேன். பூங்கா, ரிசார்ட், நினைவிடம், கோயில் நந்தவனம் போன்ற இடங்களில் தோட்டப் பராமரிப்பு வேலைக்குப் போக விருப்பம். வயல் வேலை இல்லை. புல்தரை, வேலிச்செடி, நிழல் மரம், நாற்றங்கால், சொட்டுநீர் என்று அந்த வகை.

விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஐ.டி.ஐ.க்குப் போ என்கிறார் ஒருவர், வேளாண் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வி போதும் என்கிறார் இன்னொருவர். வெளியூர்த் தனியார் நிறுவனம் ஒன்று மூன்று மாதத்தில் ‘லேண்ட்ஸ்கேப் டிப்ளமோ’ தருகிறேன் என்று பெரிய தொகை கேட்கிறது. எது உருப்படியானது? இன்னொரு சந்தேகமும் உண்டு. இங்கே தண்ணீர் உப்பு, மண் வெறும் மணல். கோயம்புத்தூரில் சொல்லித்தருவது இந்தக் கரையில் எடுபடுமா? புல்வெட்டும் மெஷின் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டுமா?

உவர்மண்:

தம்பி, சான்றிதழ் விஷயத்தை முதலில் தீர்த்துவிடுவோம்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆண்டு தோட்டக்கலைப் பட்டயம்தான் இந்தத் துறையில் கனமான படிப்பு. தேர்வாணையம் நடத்தும் தோட்டக்கலை உதவி அலுவலர் தேர்வுக்கு அந்தப் பட்டயம் தகுதி. ஆனால் அதற்கு அறிவியல் பிரிவோ வேளாண் தொழிற்பிரிவோ கேட்பார்கள். வணிகவியல் படித்த உங்களுக்கு அந்த வழி சரிப்படாது. சேர்க்கை அறிவிக்கையில் பாடத்தொகுதி என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மனத்தை அடுத்ததற்குத் திருப்புங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது ஐ.டி.ஐ. ‘ஹார்ட்டிகல்ச்சர்’ என்றும் ‘ஃப்ளோரிகல்ச்சர் அண்ட் லேண்ட்ஸ்கேப்பிங்’ என்றும் இரண்டு டிரேடு (தொழிற்பிரிவு) இருக்கின்றன. இரண்டும் ஓராண்டு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஓராண்டு டிரேடு என்றால் மொத்தம் 1,200 மணி நேரம், அதில் 840 மணி நேரம் செய்முறை. பூங்கா வேலைக்கு இரண்டாவது டிரேடுதான் நெருக்கம். முடித்தால் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும், அதன் பேரில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் போகலாம். எல்லா ஐ.டி.ஐ.யிலும் இந்த டிரேடு இருக்காது. பக்கத்து ஊர் என்பதற்காக ஃபிட்டரில் சேர்ந்துவிடாமல், இணையவழிக் கலந்தாய்வில் டிரேடு வாரியாகத் தேடி, விடுதி உள்ள வெளிமாவட்டமானாலும் போய்விடுங்கள்.

ஓராண்டு முடியாது, உடனே சம்பாதிக்க வேண்டும் என்றால் குறுகிய வழி உண்டு. இந்திய வேளாண் திறன் குழுமம் வரையறுத்த ‘கார்டனர்’ என்ற பணிக்குரிய குறுகியகாலப் பயிற்சியைத் திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இலவசமாகவே நடத்துகிறார்கள். ஏற்கெனவே தோட்ட வேலை செய்கிறவர்கள் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற முறையில் தேர்வு மட்டும் எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். ஒரு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டு அதை வாங்குவதிலும் தவறில்லை.

தொலைதூரக் கல்வியில் நாற்று உற்பத்தி, அலங்காரத் தோட்டம் போன்ற பாடங்களில் தமிழிலேயே ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் உண்டு. புத்தகம் நன்றாக இருக்கும். நேரடி வகுப்பு சில நாள்தான் என்பதால் கத்தரிக்கோல் பிடித்த கை அதில் உருவாகாது. வேலை செய்துகொண்டே படிக்கிறவருக்கு அது பொருத்தம். ராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. அங்கே நடக்கும் ஓரிரு நாள் பயிற்சிகளை விடாதீர்கள், நம்ம ஊர் மண்ணை வைத்தே பேசுவார்கள். பிறகு ஒரு நாள் அச்சடிப்பிரம்புக்குப் போய்வாருங்கள். ஐந்திணை மரபணுப் பூங்காக்களில் பாலைத் திணைக்கானது அங்கே இருக்கிறது. வறட்சி தாங்கும் செடிகளை அடையாளம் பழக நல்ல இடம்.

தனியார் நிறுவனத்திடம் பணம் கட்டுமுன் நான்கு கேள்வி கேளுங்கள். சான்றிதழில் யார் கையெழுத்து? தேர்வை வெளியாள் நடத்துகிறாரா, அவர்களே நடத்திக்கொள்கிறார்களா? பயிற்சி நிலம் எத்தனை சென்ட், அதை நேரில் பார்க்கலாமா? ஒரு அணியில் எத்தனை பேருக்கு ஒரு மெஷின்? நிலத்தைக் காட்டாமல் ஏ.சி. அறையில் வடிவமைப்பு மென்பொருளை மட்டும் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். அது படம் வரைகிறவர் படிப்பு. மூன்று மாதத்துக்கு ‘டிப்ளமோ’ என்று பெயர் வைத்தால் அரசு வேலைக்கு அது பட்டயமாக எண்ணப்படாது.

பனங்காட்டு நாற்றங்கால்:

கோவையில் சொல்லித்தரும் அடிப்படை இங்கேயும் செல்லும் தம்பி. அளவுகள்தான் செல்லாது. செம்மண்ணையும் நல்ல தண்ணீரையும் மனத்தில் வைத்துச் சொன்ன அளவை மண்டபத்து மணலில் போட்டால் செடி காய்ந்துவிடும். படிக்கும்போதே எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

தண்ணீர்தான் முதல் பாடம். நம்ம கரையிலும் ராமேசுவரம் தீவிலும் மணலுக்கடியில் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. மோட்டாரை ஒரே மூச்சில் நான்கு மணி நேரம் ஓட்டினால் கீழே உள்ள உப்பு மேலே ஏறிவிடும். ஒருமுறை ஏறியது மறு மழைக்காலம் வரை இறங்காமல் படுத்தும். ஆகவே காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் எடுத்துத் தொட்டியில் சேர்ப்பதே முறை. வேலையில் சேர்ந்த வாரமே தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். மோட்டாரை 15–20 நிமிடம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்று இடம் இல்லாமல் நிரப்பி, அன்றே சேர்க்க வேண்டும். வைகாசியில் ஒன்று, தையில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு. தை மாதத்து முடிவை மட்டும் வைத்துக்கொண்டு செடி தேர்ந்தெடுப்பவர்கள் அடுத்த கோடையில் முழிப்பார்கள்.

முடிவில் ஈ.சி. என்று வரும் எண்ணைப் பாருங்கள். அது மின்கடத்துத்திறன், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும். 0.75 டெசிசீமென்ஸுக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 2.25 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம். 3-ஐத் தாண்டினால் உப்பு தாங்கும் செடி மட்டும்தான். சட்டைப்பை ஈ.சி. மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. 1413 மைக்ரோசீமென்ஸ் என்று அளவு குறித்த சோதனைக் கரைசலில் மாதம் ஒருமுறை சரிபார்க்காவிட்டால் அது பொய் சொல்லும்.

சொட்டுநீர் மணலில் பக்கவாட்டில் பரவாது, நேரே கீழே இறங்கும். ஒரு மரத்துக்கு ஒரு சொட்டுவான் என்ற கணக்கு இங்கே உதவாது. மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் இரண்டிலிருந்து நான்கு வரை, தண்டைச் சுற்றித் தள்ளி வையுங்கள். மூன்று மணி நேரம் ஒருசேர விடாமல், காலை மாலை எனப் பிரித்து விடுங்கள். மரம் வளர வளரச் சொட்டுவானை வெளியே நகர்த்த வேண்டும். பெரும்பாலான வளாகங்களில் நட்ட அன்றைக்கு வைத்த இடத்திலேயே மூன்று வருடமாக இருக்கும். அடித்தண்டு அழுகும், வேர் ஒரே இடத்தில் சுருண்டு நிற்கும், ஆடிக் காற்றில் மரம் சாயும்.

புதிதாக வருகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. ஈரவட்டத்தின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். ஐப்பசியில் முதல் தூறல் விழுந்ததும் ‘மழைதான் வந்துவிட்டதே’ என்று சொட்டுநீரை நிறுத்தினால், அந்த உப்பு முழுவதும் கரைந்து வேருக்குத் திரும்பும். இரண்டு நாளில் இலை நுனி கருகும், மழையில் எப்படிக் காய்ந்தது என்று மேனேஜர் கேட்பார். கனமழை பெய்து மண் நன்றாக ஊறி இறங்கும்வரை சொட்டுநீர் ஓடட்டும்.

ஜிப்சம். உப்பு என்றதும் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். பி.எச். (அமில, கார அளவு) 8.5-க்கு மேலே போன, சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. களர் இல்லாத வெறும் உவர் மணலில் ஜிப்சம் போட்டால் மேலும் உப்பைச் சேர்த்ததாகும். உவர் மணலுக்கு நல்ல தண்ணீரால் கழுவி இறக்குவது ஒன்றே வழி, அதைச் செய்யும் மிகப் பெரிய ஆள் வடகிழக்குப் பருவமழை. இந்த மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 820 மி.மீ., அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடும். அதனால் மரம் நடுவதைப் புரட்டாசிக் கடைசியில் தொடங்கிக் கார்த்திகை நடுவுக்குள் முடித்துவிடுங்கள். திறப்பு விழாவுக்காகச் சித்திரையில் நடச் சொல்வார்கள். அப்போது தொட்டிச்செடியை வைத்து ஒப்பேற்றிவிட்டு மரத்தை மழைக்கு வைத்துக்கொள்ளலாம்.

குழி இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, சுமார் 220 லிட்டர் கொள்ளும். எடுத்த மணலில் பாதி, மக்கிய தொழுவுரம் கால் பங்கு, அனுமதியோடு எடுத்த கண்மாய் வண்டல் கால் பங்கு. வண்டலையும் பரிசோதிக்காமல் கொட்டாதீர்கள், சில கண்மாய் வண்டலே களராக இருக்கும். தென்னை நார்க்கழிவு சேர்ப்பதானால் கழுவியதாகப் பாருங்கள். கழுவாத கட்டியில் உப்பு ஏற்கெனவே நிறைய இருக்கும், அதை உப்புக் கிணற்று நீரில் ஊறவைப்பது வீண் வேலை. கரையில் ஒதுங்கும் பாசியையும் நல்ல தண்ணீரில் அலசி மக்கவைத்த பிறகே போட வேண்டும். பச்சை மீன் கழிவு கூடவே கூடாது. நாய், ஈ, உப்பு மூன்றும் சேர்ந்து வரும்.

அடுத்தது காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் தோட்டம் என்றால் ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று உப்புத்துளியோடு மணலையும் வாரி இறைக்கும். பாக் நீரிணைப் பக்கம் என்றால் மார்கழி வாடைதான் தொல்லை. முதலில் எந்தத் திசை என்று பார்த்துவிட்டுத் தடுப்பு வையுங்கள். சுவர் வைத்தால் காற்று மேலேறிப் பின்பக்கம் சுழன்று அடிக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் தடுப்பே நல்லது. 50 சதவீத நிழல்வலையோ நெருக்கிக் கட்டாத பனையோலைத் தட்டியோ போதும். ஓராள் உயரத் தட்டி அதைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்றைத் தணிக்கும். பெருங்காற்று அடித்த மறுநாள் காலை இலைகளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். வெயில் ஏறிய பின் உப்புத் தண்ணீரைத் தெளித்துக் கழுவுவது, கழுவாமல் விடுவதைவிட மோசம்.

செடிகள். முன்வரிசையில் கடலைப் பார்த்து நிற்க: தாழை, உகாய், பன்னீர் மரம், சங்கங்குப்பி. இரண்டாம் வரிசை நிழலுக்கு: பூவரசு, புன்னை, நாட்டு வாதுமை, புங்கன், வேம்பு. பனையை விதையாகவே போட்டுவிடுங்கள். பெரிதான பின் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. பூவுக்கு: காகிதப்பூ, நித்தியகல்யாணி, அரளி. அரளி முழுக்க நச்சு, குழந்தைகள் விளையாடும் பக்கம் அதை வைக்கவே கூடாது. வேலிக்குச் சங்கங்குப்பியை வெட்டி வளர்த்தால் அடர்ந்து வரும். உப்பு தாங்கும், சீக்கிரம் வளரும் என்று கோனோகார்பஸ் கன்றை நர்சரியில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதைக் குஜராத் 2023-இல் தடை செய்தது, வேண்டாம். ரோஜாவும் இட்லிப்பூவும் கேட்கிற முதலாளியிடம் தொட்டியில் வைக்கலாம் என்று சொல்லுங்கள். நேர்மண்ணில் வைத்தால் ரோஜா உப்பில் போகும், இட்லிப்பூ கார மண்ணில் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் வெளுக்கும். வெளுத்த பிறகு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து தெளித்தால் சில வாரம் பச்சை தெரியும், அவ்வளவுதான்.

மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் ‘களை’ என்று சுத்தம் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான். மேலும் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடுகள் முதல் வகுப்புப் பாதுகாப்பில் வருகின்றன.

புல்தரையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இந்தக் கரையில் அது தேவையில்லாத செலவு என்பது என் கட்சி.

புல்வெட்டி:

நாற்றங்கால் அண்ணன் சொல்வது நியாயம்தான். ஆனால் சம்பளம் கொடுக்கிறவர் புல்தரை கேட்கிறாரே. தெரியாது என்று சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகையால் தெரிந்துகொண்டே பரப்பளவைக் குறைக்கப் பாருங்கள். அதற்குக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும். கோடையில் மணல்மேல் உள்ள புல்லுக்கு நாளுக்கு 5 மி.மீ. தண்ணீர், அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். 1,000 சதுர மீட்டர் என்றால் தினம் ஒரு 5,000 லிட்டர் டேங்கர். இதை எழுதிக் காட்டினால் பாதிப் பேர் அவர்களாகவே 200 சதுர மீட்டருக்கு இறங்கி வருவார்கள்.

எந்தப் புல்? நர்சரியில் மெக்சிகன், கொரியன் என்று பாய்போல் சுருட்டி விற்பார்கள். நல்ல தண்ணீர் இருந்தால் வைக்கலாம். உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால் கடற்கரைப் பாஸ்பாலம், அது கிடைக்காவிட்டால் அருகு வகை. தரையைச் சரித்து (நூற்றுக்கு ஒன்று, இரண்டு சரிவு), மேல் ஆறு அங்குலத்தில் மக்கிய உரம் கலந்து, உருட்டி, தண்ணீர் விட்டு, களை முளைக்கவிட்டு எடுத்த பிறகு நடுங்கள். களை எடுக்காமல் நட்டால் கோரை காலத்துக்கும் போகாது. வேர்த்துண்டுகளை 10 செ.மீ.க்கு ஒன்றாக ஊன்றினால் சதுர மீட்டருக்கு 100 வரும். 15 செ.மீ. விட்டால் செலவு பாதிக்குமேல் குறையும், மூட இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும்.

உரத்தை மணலில் ஒரே தடவையாகப் போட்டால் வேருக்குக் கீழே போய்விடும். 100 சதுர மீட்டருக்கு யூரியா ஒரு கிலோ என்றால் அதை இரண்டாகப் பிரித்துப் பதினைந்து நாள் இடைவெளியில் போடுங்கள். ஈர இலைமேல் தூவாதீர்கள், தூவியதும் தண்ணீர் விடுங்கள். இல்லையென்றால் கைவீச்சு தெரியும்படி கோடுகோடாகக் கருகும்.

வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது. திருவிழாவுக்கு முன்தினம் அடியோடு வழித்துவிட்டால் மஞ்சள் தண்டுதான் தெரியும், அதன்மேல் வெயில் பட்டால் திட்டுத்திட்டாகச் சாகும். பிளேடு மழுங்கினால் புல் நுனி கிழிந்து வெள்ளையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது புல்லுக்கு நோய் வந்ததுபோல் இருக்கும், மருந்தடிப்பார்கள். முதலில் பிளேடைப் பாருங்கள். தீட்டிய பிறகு நடுத்துளையை ஆணியில் மாட்டிச் சமநிலை பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும். அப்படியே மாட்டினால் அதிர்விலேயே பேரிங் போகும்.

தோளில் மாட்டிப் புல், புதர் வெட்டும் பிரஷ்கட்டர்தான் நீங்கள் தினமும் தூக்கப்போவது. பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்கும் விகிதம் மெஷினுக்கு மெஷின் வேறு, டேங்க் மூடியிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்து மெஷினே போகும். கூடினால் புகை, பிளக் கரி, இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. கண்ணளவில் ஊற்றாமல் அளவுக்குப்பி வைத்துக்கொள்ளுங்கள். கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். இரண்டு வாரம் ஓட்டமாட்டோம் என்றால் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் உள்ளதும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

நம்ம ஊர் உப்புக்காற்றில் மெஷின் வெளியூரைவிடச் சீக்கிரம் துரு ஏறும். வேலை முடிந்ததும் ஆறவிட்டு, ஈரத்துணியால் நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்த்தி, பிளேடுக்கும் போல்ட்டுக்கும் எண்ணெய் தடவி, கூரைக்குள் வையுங்கள். ஏர்ஃபில்டரை மணல் பறக்கும் மாதங்களில் தினமும் தட்டிப் பாருங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். கண்ணாடி, காதடைப்பு, முழங்கால்வரை காப்பு, மூடிய பூட்ஸ். சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள் இருக்கக் கூடாது. சுற்றுலா வேன் நிற்கும் பக்கம் வெட்டும்போது கல் பறந்து கண்ணாடி உடைந்தால் காசு உங்கள் தலையில்தான் விழும். ஆட்கள் வருமுன் அதிகாலையில் அந்த ஓரத்தை முடித்துவிடுங்கள்.

மண்டபத்துத் தம்பி:

அண்ணன்மாருக்கு நன்றி. ஐ.டி.ஐ. பக்கமே போகலாம் என்று இருக்கிறேன். இரண்டு சந்தேகம். வேலைக்கு எடுக்கும்போது செய்துகாட்டச் சொல்வார்களாமே, எதை எதை? இன்னொன்று, வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதித்ததில் ஈ.சி. 3.2, பி.எச். 8.1 என்று வந்திருக்கிறது. அதை வைத்தே பழக முடியுமா?

வளாக மேற்பார்வை:

செய்முறைத் தேர்வைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் செடி அடையாளம். இருபது, இருபத்தைந்து இலைக்கிளை வைத்திருப்பார்கள். தமிழ்ப் பெயரோடு தாவரவியல் பெயரும் சொன்னால் தனி மதிப்பு. நர்சரிக்கு ஆர்டர் எழுதும்போது அந்தப் பெயர் இல்லாமல் வேறு செடி வந்து இறங்கும் என்பதால் கேட்கிறார்கள். வாரம் ஐந்து செடி வீதம் காய்ந்த மாதிரி ஒட்டிய நோட்டு ஒன்று இப்போதே தொடங்குங்கள்.

அடுத்து அளவெடுத்தல். கயிறும் நான்கு முளையும் கொடுத்து மூலைமட்டம் பிடிக்கச் சொல்வார்கள். ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் வந்தால் மூலை சரி. வட்டப் பாத்தி, ஒரு மீட்டர் இடைவெளியில் நடவுக்குறி எல்லாம் இதன் தொடர்ச்சி.

கிளை வெட்டுதல்தான் ஆளை எடைபோடும் இடம். கனமான கிளையை ஒரே வெட்டில் அறுத்தால் பாதியில் முறிந்து தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு இறங்கும். மூன்று வெட்டு போடுங்கள். தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடியில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் முதல் வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. பாரம் விழுந்ததும், தண்டும் கிளையும் சேரும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே மூன்றாவது. அந்த வளையத்தைச் சீவிவிட்டால் காயம் மூடாது, குச்சியாக நீட்டிவிட்டால் அழுகும். வேலிச்செடியை வெட்டும்போது அடி அகலமாக, மேல் குறுகலாக. தலைகீழாக வெட்டினால் வெயில் படாமல் அடியில் இலை கொட்டி, ஆட்டுக்குட்டி நுழையும் சந்து விழும்.

பதியன் போடச் சொல்லலாம். காகிதப்பூவோ அரளியோ பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலம் பட்டையை வளையமாக எடுத்து, உள்ளே வழவழப்பாக இருக்கும் பசுஞ்சதையையும் சுரண்டிவிட்டு, ஈரமான நார்க்கழிவு வைத்து, பாலிதீனால் இரண்டு முனையும் இறுக்கிக் கட்ட வேண்டும். சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி சேர்ந்துகொள்ளும், வேர் வராது.

மருந்துக் கணக்கும் கேட்பார்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி என்றால் 10 லிட்டர் தெளிப்பானுக்கு 50 மில்லி. எண்ணெய் தண்ணீரோடு கலக்க முதலில் சோப்புக் கரைசலில் அடித்துக்கொள்ள வேண்டும். டப்பாவில் உள்ள முக்கோண நிறம் தெரிந்திருக்க வேண்டும்: சிவப்பு மிகக் கடும் நச்சு, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை குறைவு. பொதுமக்கள் நடமாடும் பூங்காவில் சிவப்பும் மஞ்சளும் உள்ளே வரக் கூடாது. இங்கே தென்னையில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ வந்தால் கீழ் இலையெல்லாம் கரும்பூசணம் படியும். உடனே ரசாயனம் அடித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா குளவியும் செத்துப்போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சுங்கள், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாப் பசை தெளியுங்கள். பசை காய்ந்து உதிரும்போது கறுப்பும் சேர்ந்து உதிரும்.

வேலை பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலமே வரும். சேரும் நாளிலேயே பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண், ஈ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு) அட்டை கேளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குப் பி.எஃப். கட்டாயம், ஈ.எஸ்.ஐ. 10 பேரிலிருந்தே வரும். ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பிரஷ்கட்டர் தூக்குகிறவருக்கு அந்த அட்டை மிகவும் முக்கியம்.

பனங்காட்டு நாற்றங்கால்:

3.2 கொஞ்சம் கனம்தான், ஆனால் பழக அதைவிட நல்ல கிணறு கிடைக்காது. கணக்கைப் பாருங்கள். வேர்ப்பகுதியில் உப்பு தங்காமல் இருக்க, செடிக்குத் தேவையானதற்கு மேல் எவ்வளவு தண்ணீர் கூடுதலாக விட வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. தண்ணீரின் ஈ.சி.யை, ‘செடி தாங்கும் மண் ஈ.சி. பெருக்கல் 5, கழித்தல் தண்ணீரின் ஈ.சி.’ என்ற எண்ணால் வகுக்க வேண்டும். செடி 6 வரை தாங்கும் என்றால் 30-இல் 3.2 போக 26.8. 3.2-ஐ அதனால் வகுத்தால் 0.12, அதாவது விடும் தண்ணீரில் 12 சதவீதம் வேரைத் தாண்டிக் கீழே போக வேண்டும். 4 வரைதான் தாங்கும் செடி என்றால் 16.8-ஆல் வகுக்க 19 சதவீதம். செடிக்கு 10 லிட்டர் தேவை என்றால் முதலாவதுக்குச் சுமார் 11.4 லிட்டர், இரண்டாவதுக்குச் சுமார் 12.4 லிட்டர் விட வேண்டும். மணலாக இருப்பதால் இந்தக் கூடுதல் நீர் தேங்காமல் இறங்கிவிடும், அந்த ஒரு விஷயத்தில் நம்ம மண் உதவி செய்கிறது. களிமண்ணில் இதைச் செய்தால் வேர் மூச்சடைக்கும்.

பூவரசு, காகிதப்பூ, சங்கங்குப்பி குச்சிகளை வேர்விட வைக்க மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டாம். இளவேர் இதைத் தாங்காது. கூரையில் விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்து, நாற்றங்கால் பைகளுக்கு அதையே ஊற்றுங்கள். நாலைந்து இலை வந்த பிறகு கிணற்று நீரை நான்கில் ஒரு பங்கு கலந்து தொடங்கி, வாரம் ஒரு பங்கு கூட்டிக்கொண்டே போனால் நடும் நேரத்தில் கன்று பழகியிருக்கும். பையின் அடியில் துளைகள் அடைபடாமல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அடைபட்டால் உப்பு வெளியேற வழியில்லாமல் பைக்குள்ளேயே ஏறும்.

பி.எச். 8.1 என்பதால் சொட்டுவான் வாயில் சுண்ணாம்பு படியும். ஒவ்வொரு மாதமும் பக்கக்குழாய் முனைகளைத் திறந்து கழுவிவிடுங்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பாத்திரத்தை வைத்து 15 நிமிடம் பிடித்துப் பார்த்தால் 4 லிட்டர் சொட்டுவானிலிருந்து ஒரு லிட்டர் வர வேண்டும். முக்கால் லிட்டருக்குக் கீழே போனதைக் கழற்றி மாற்றுங்கள்.